கேமரா கண்காட்சியில் நமக்கென்ன வேலை?

"ஸ்டுடியோ பேர் என்ன சார்?" என்று கேட்டார் பதிவு மேஜையில் இருந்த பெண்.

"ஸ்டுடியோ எல்லாம் இல்லைம்மா. வீட்டுக்கு ஒரு கேமரா பார்க்கலாம்னு வந்தேன்."

அவருடைய கம்ப்யூட்டரில் 'வீடு' என்று ஒரு கட்டம் இல்லை போலிருக்கிறது. ஒரு நொடி யோசித்துவிட்டு எதையோ டைப் செய்தார். பிரிண்டரில் இருந்து வந்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக் கொண்டு பார்த்தால், என் பெயருக்குக் கீழே 'பிரீலான்ஸ் போட்டோகிராபர்' என்று இருந்தது! ஒரே நிமிடத்தில் பதவி உயர்வு.

சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் சமீபத்தில் நடந்த புகைப்படத் தொழில் கண்காட்சியில்தான் இந்தக் கூத்து. உழவர்கரையில் இருந்து விடியற்காலையில் கிளம்பி, திண்டிவனம் வழி பஸ்ஸில் கிளாம்பாக்கம் வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ், பிறகு ஆட்டோ என்று போய்ச் சேர்ந்தேன். கூட வந்தவர் ரெட்டியார்பாளையத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர். அவருக்கு ஆல்பம் அச்சடிக்கும் மெஷின் பார்க்க வேண்டும். எனக்கு வீட்டுக்கு ஒரு கேமரா.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அடுத்து ஆசைப்படும் பொருள்களில் கேமராவும் ஒன்று. போனில் நன்றாகத்தான் படம் எடுக்கிறோம், ஆனாலும் ஒரு நல்ல கேமரா இருந்தால் தேவலை என்று தோன்றும். கண்காட்சியில் எல்லா கம்பெனியும் ஒரே கூரையின் கீழே இருக்கும், விலையும் குறைவாகக் கிடைக்கும் என்று யாராவது சொல்வார்கள். முதல் பாதி உண்மை. இரண்டாவது பாதியை நம்பிப் பர்ஸைத் திறக்காதீர்கள் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இந்தக் கண்காட்சிகள் நமக்காக நடத்தப்படுபவை அல்ல. உள்ளே போனதும் பாதி இடத்தை அடைத்துக் கொண்டிருப்பவை கல்யாண ஆல்பக்காரர்கள். பெட்டி போட்ட ஆல்பம், விளக்கு எரியும் ஆல்பம், வெல்வெட் உறை போட்ட ஆல்பம். அடுத்து பிரிண்டர்கள், ஸ்டுடியோ விளக்குகள், பின்னணித் திரைகள், கிம்பல்கள், கிரேன்கள். கேமரா கம்பெனிகளின் ஸ்டால்கள் நடுவில் பளபளவென்று இருந்தாலும், அங்கே மேடையில் மாலையும் கழுத்துமாக நிற்கும் மாடல் தம்பதியைப் பார்த்தாலே புரிந்துவிடும், வியாபாரம் யாரிடம் என்று.

இதில் தவறு ஒன்றும் இல்லை. கேமரா என்ற பொருளை இன்று தாங்கிப் பிடித்திருப்பவர்களில் முக்கியமானவர்கள் இந்தத் தொழில்காரர்கள்தான். 2010ல் ஜப்பானியக் கேமரா கம்பெனிகள் உலகம் முழுவதும் அனுப்பிய டிஜிட்டல் கேமராக்கள் சுமார் 12 கோடி. 2023ல் அது 80 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. வீட்டுக்காரர்கள் எல்லாரும் போனுக்குப் போய்விட்டார்கள். ஜெர்மனியின் கொலோன் நகரில் 1950ல் தொடங்கி, உலகக் கேமராக்காரர்களுக்கெல்லாம் திருவிழாவாக இருந்த போட்டோகினா கண்காட்சி 2018க்குப் பிறகு நடக்கவில்லை. 2020 நவம்பரில் காலவரையின்றி நிறுத்துவதாக அறிவித்துவிட்டார்கள். நம் ஊரில் கண்காட்சி கூட்டம் குறையாமல் நடக்கிறதென்றால் கல்யாணத்துக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

ஆகவே நீங்கள் எந்த ஸ்டாலில் நின்றாலும் முதலில் வரும் கேள்வி இதுதான்: "வீட்டுக்கா சார், வேலைக்கா?"

இந்தக் கேள்விக்கு வெட்கப்படாமல் "வீட்டுக்கு" என்று சொல்லுங்கள். நான் முதல் ஸ்டாலில் கழுத்து அட்டை கொடுத்த தைரியத்தில் சும்மா தலையை ஆட்டி வைத்தேன். அரைமணி நேரம் இரண்டு கார்டு போடும் வசதியைப் பற்றியும், 10 பிட் வீடியோவைப் பற்றியும் பாடம் எடுத்தார்கள். விலையைக் கேட்டதும் தொண்டை வறண்டுவிட்டது. அடுத்த ஸ்டாலில் உண்மையைச் சொன்னேன். அந்தத் தம்பி சிரித்துக் கொண்டே மேஜையின் ஓரத்தில் இருந்த சின்னக் கேமராவை எடுத்து என் கையில் வைத்தார். "அப்போ இது போதும் சார். அதையெல்லாம் கல்யாணக்காரங்க தூக்கட்டும்." அன்று நான் கேட்டதிலேயே உருப்படியான ஆலோசனை அதுதான்.

மெகாபிக்ஸலைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் பிரிண்ட் போடும் 6க்கு 4 அங்குலப் படத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்கிட்டால், 1800 பெருக்கல் 1200, அதாவது 22 லட்சம் புள்ளிக்குள் அடங்கிவிடும். சுவரில் மாட்டும் 18க்கு 12 அங்குலப் படத்துக்கே 2 கோடி புள்ளி தேவைப்படாது. 24 மெகாபிக்ஸல் என்றால் 2 கோடியே 40 லட்சம். அதற்கு மேல் வாங்கும் ஒவ்வொரு மெகாபிக்ஸலும் உங்கள் ஹார்ட் டிஸ்கை நிரப்பத்தான்.

லென்ஸ் விஷயத்தில் கண்காட்சி உண்மையிலேயே உதவும். '50 எம்.எம். லென்ஸ் வாங்குங்க சார், விலை குறைவு, பின்னணி அப்படியே கரைந்துவிடும்' என்று எல்லாரும் சொல்வார்கள். 1950 ஏப்ரலில் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் புதுச்சேரிக்கு வந்து ஸ்ரீஅரவிந்தரைப் படம் எடுத்தார். அதே ஆண்டு டிசம்பரில் அரவிந்தர் மறைந்ததால் அந்தப் படங்களுக்குத் தனி மதிப்பு. அவர் பெரும்பாலும் பயன்படுத்தியது சின்ன லைக்கா கேமராவும் 50 எம்.எம். லென்ஸும்தான். அதனால் நமக்கும் அதுவே என்று நினைத்துவிடக் கூடாது. அவருடைய பிலிம் 36க்கு 24 மில்லிமீட்டர். நம் பட்ஜெட்டுக்கு வரும் கேமராக்களில் இருக்கும் சென்சார் பரப்பில் அதில் பாதிகூட இருக்காது. அதில் 50 எம்.எம். போட்டால், அவருடைய கேமராவில் 75 எம்.எம். போட்டது போல எல்லாம் நெருக்கமாகத் தெரியும். உழவர்கரையில் எங்கள் வீட்டு ஹால் பத்துக்குப் பன்னிரண்டு. அம்மாவையும் பேத்தியையும் சேர்த்து எடுக்கப் பின்னால் நகர்ந்தால் முதுகு சுவரில் முட்டிவிடும்! அவர் பார்த்த அளவு காட்சி நமக்குக் கிடைக்க 35 எம்.எம். லென்ஸ்தான் வேண்டும். இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்ததில் இது ஐந்து நிமிடத்தில் புரிந்தது. எந்த விளம்பரத்தைப் படித்தும் இப்படிப் புரியாது.

இன்னொன்றும் செய்யலாம். ஒரு மெமரி கார்டைச் சட்டைப் பையில் போட்டுக் கொண்டு போங்கள். "என் கார்டில் நாலு படம் எடுத்துக்கலாமா?" என்று கேளுங்கள். சிலர் மறுப்பார்கள். பலர் விடுவார்கள். ஒரே காட்சியை நாலு கேமராவில் எடுத்து வந்து உங்கள் சொந்தக் கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். ஸ்டாலில் ஆளுயர டிவியில் காட்டும்போது எல்லாப் படமும் அழகாகத்தான் இருக்கும்; நீங்கள் பார்க்கப் போவது உங்கள் மானிட்டரில். புதிய கேமராவின் ரா பைலை உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள பழைய சாப்ட்வேர் திறக்காமல் போகலாம். கேமரா கம்பெனிகள் இதற்கு இலவச சாப்ட்வேர் தருகின்றன. டார்க்டேபிள், ராதெரபி என்று யார் வேண்டுமானாலும் இறக்கிக் கொள்ளும் இலவச சாப்ட்வேர்களும் உண்டு. வீடியோவையும் ஓட்டிப் பாருங்கள். அந்த 10 பிட் வீடியோ பல வீட்டுக் கம்ப்யூட்டர்களில் விட்டு விட்டுத்தான் ஓடும். கேமரா வாங்கிய கையோடு கம்ப்யூட்டரையும் மாற்ற வேண்டி வந்தால் அந்தக் கேமராவின் உண்மை விலை என்ன என்று யோசித்துக் கொள்ளுங்கள்.

பழைய கேமரா விற்பவர்களும் ஓரத்தில் கடை போட்டிருந்தார்கள். நிக்கான் கேமராவாக இருந்தால் அதில் எடுத்த படத்தின் உள்ளேயே, அந்தக் கேமரா அதுவரை எத்தனை முறை கிளிக் செய்யப்பட்டிருக்கிறது என்ற எண் பதிவாகி இருக்கும். எக்ஸிப்டூல் என்ற இலவச சாப்ட்வேர் அதைக் காட்டிவிடும். 'வீட்டில் சும்மா கிடந்த கேமரா சார்' என்று சொல்லப்படும் கேமராவில் ஒன்றரை லட்சம் கிளிக் இருந்தால் அது எத்தனை முகூர்த்தம் பார்த்த கேமரா என்று நீங்களே கணக்குப் போட்டுக் கொள்ளலாம்.

இனி நான் கட்டாயம் சொல்ல வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன்.

கண்காட்சியின் வெளிச்சமான பகுதியைத் தாண்டி, சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியில், துணி விரித்த சின்ன மேஜைகளைப் பார்த்திருப்பீர்கள். பை, பேட்டரி, சார்ஜர், பில்டர், மெமரி கார்டு எல்லாம் குவியலாகக் கிடக்கும். 'ஷோ ஆஃபர், பாதி விலை' என்று கையால் எழுதி வைத்திருப்பார்கள். 2018ல் வேறு ஊரில் நடந்த ஒரு கண்காட்சியில் இப்படிப்பட்ட மேஜை ஒன்றில் நான் 64 ஜிபி கார்டு வாங்கினேன். பிரபல கம்பெனியின் பெயர், நிறம், அட்டை எல்லாம் அச்சாக அப்படியே இருந்தது. பில் கேட்டதற்கு, "பில்லு போட்டா விலை ஏறும்ணே" என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

அடுத்த மாதம் திருக்கடையூரில் அப்பாவுக்குச் சதாபிஷேகம். ஸ்டுடியோக்காரரை வைக்கலாம் என்று தம்பி சொன்னான். என்னிடம் கேமரா இருக்கிறதே என்று நான்தான் தடுத்தேன். நண்பரிடம் இரவல் வாங்கிய கேமரா, புதுக் கார்டு. காலையில் இருந்து மதியம் வரை சுமார் 900 படம். ஒவ்வொன்றையும் எடுத்தவுடன் கேமராவின் திரையில் பார்த்தேன், நன்றாக வந்திருந்தது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டால் போல்டரில் 900 பைல்களின் பெயரும் வரிசையாக இருக்கின்றன. முதல் இருநூற்றுச் சொச்சம் திறந்தன. அதற்குப் பிறகு ஒன்றுகூடத் திறக்கவில்லை.

திறந்த படங்களில் என்ன இருந்தது என்கிறீர்களா? வேன். வேனில் தூங்கும் சித்தப்பா. கோயில் வாசல் யானை. இலையில் இட்லி. அப்பாவும் அம்மாவும் மாலை மாற்றியது, கலச நீர் ஊற்றியது, அப்பா மறுபடி தாலி கட்டியது எதுவும் இல்லை. அக்கா மகன் போனில் எடுத்த ஏழெட்டுப் படங்கள்தான் மிச்சம். அடுத்த வருடம் அப்பா காலமாகிவிட்டார்.

என்ன நடந்தது என்று அப்புறம்தான் படித்துத் தெரிந்து கொண்டேன். அந்தக் கார்டுக்குள் உண்மையில் இருந்தது 8 ஜிபி மட்டுமே. ஆனால் 'நான் 64 ஜிபி' என்று கேமராவிடமும் கம்ப்யூட்டரிடமும் பொய் சொல்லும்படி உள்ளே இருக்கும் கன்ட்ரோலரை மாற்றி வைத்திருக்கிறார்கள். 8 ஜிபி நிரம்பும் வரை ஒழுங்காக வேலை செய்யும். அதற்கு மேல் வரும் படங்களை வாங்கிக் கொள்வது போல நடித்துவிட்டு வீசிவிடும். சில போலிக் கார்டுகள் பழைய படங்களின் மேலேயே எழுதிவிடும். பைலின் பெயர் பட்டியலில் இருக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது. எடுத்தவுடன் திரையில் தெரிந்த படம் கேமராவின் சொந்த மெமரியில் இருந்து வந்தது, கார்டில் இருந்து அல்ல. நான் ராவும் ஜேபெக்கும் சேர்த்து எடுத்ததால் ஒரு படத்துக்குச் சுமார் 35 எம்பி. 8 ஜிபியை அதால் வகுத்தால் சரியாக இருநூற்றுச் சொச்சம்தான் வருகிறது.

தெரியாமல் அழித்த படங்களை மீட்க போட்டோரெக் என்ற நல்ல இலவச சாப்ட்வேர் இருக்கிறது. அதையும் இரண்டு இரவு ஓட்டினேன். அழிந்ததை மீட்கலாம். எழுதவே படாததை யாராலும் மீட்க முடியாது.

ஆகவே புதுக் கார்டோ பென் டிரைவோ வாங்கினால், யாரிடம் வாங்கினாலும் சரி, முதல் நாளே சோதித்து விடுங்கள். விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சின்ன இலவச சாப்ட்வேர் இருக்கிறது. இன்ஸ்டால் செய்யக்கூடத் தேவையில்லை. திறந்ததும் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றி, காலியான கார்டைத் தேர்வு செய்து, எழுதிச் சரிபார்க்கும் பட்டனை அழுத்த வேண்டியதுதான். கார்டு முழுவதையும் பைல்களால் நிரப்பி, மறுபடி படித்து, எழுதியதும் படித்ததும் ஒன்றா என்று ஒப்பிடும். லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்களுக்கு எஃப்3 என்ற சாப்ட்வேர் இதே வேலையைச் செய்யும். பொறுமை வேண்டும், நொடிக்கு 10 எம்பி எழுதும் ரீடராக இருந்தால் 64 ஜிபி எழுதவே ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆகும். இரவு சாப்பிடப் போகும்போது போட்டுவிட்டுப் போகலாம். முடிந்ததும் கார்டைக் கேமராவிலேயே பார்மட் செய்துவிடுங்கள்.

ஒரு பயம் மட்டும் வேண்டாம். 64 ஜிபி கார்டை விண்டோஸ் 59 ஜிபி என்று காட்டினால் அது மோசடி இல்லை. கார்டுக்காரர்கள் ஆயிரத்தால் பெருக்குகிறார்கள், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது. அவ்வளவுதான்.

விலை விஷயத்துக்கு வருவோம். ஸ்டால்களில் குறித்து வந்த கேமரா விலைகளை மறுநாள் புதுச்சேரியில் நேரு வீதிப் பக்கம் உள்ள கடையில் கேட்டேன். எனக்குப் பிடித்த கேமராவின் விலை நூறு ரூபாய்கூட மாறவில்லை. கண்காட்சியில் கூடுதலாகக் கொடுப்பதாகச் சொன்னது ஒரு பையும், ஒரு கார்டும், காற்றடித்தால் சாயும் ஒரு டிரைபாடும். அந்தக் கார்டு எப்படிப்பட்டது என்று யாருக்குத் தெரியும்?

ஒரு காலத்தில் கடலூர், விழுப்புரத்தில் இருந்தெல்லாம் எலக்ட்ரானிக் சாமான் வாங்கப் பாண்டிக்கு வருவார்கள். வரி குறைவு என்று பேச்சு. 2017 ஜூலை 1ல் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்தக் கதை முடிந்தது. டிஜிட்டல் கேமராவுக்கு முதலில் 28 சதவீதம் போட்டு, 2019 ஜனவரியில் 18 ஆக்கினார்கள். சென்னையில் வாங்கினாலும் புதுச்சேரியில் வாங்கினாலும் வரி ஒன்றுதான். 'பில் இல்லாமல் என்றால் குறைத்துத் தருகிறேன்' என்று யாராவது சொன்னால், அவர் குறைப்பது உங்கள் வாரன்டியையும் சேர்த்துத்தான். பெட்டியில் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எம்.ஆர்.பி. மூன்றும் ஒட்டியிருக்க வேண்டும். பெட்டி, கேமரா, பில் மூன்றிலும் சீரியல் நம்பர் ஒன்றாக இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். வெளிநாட்டில் இருந்து வேறு வழியாக வந்த கேமராவுக்கு இங்குள்ள சர்வீஸ் சென்டரில் வாரன்டி கிடைப்பது கஷ்டம். நம் தெருவுக்குப் பக்கத்தில் இருக்கும் கடைக்காரர் என்றால், ஒன்று கோளாறு ஆனால் மறுநாள் போய் நிற்கலாம். கண்காட்சி மேஜைக்காரரை மூன்று நாள் கழித்து எங்கே தேடுவீர்கள்?

கண்காட்சியில் நான் காசு கொடுத்து வாங்கியது ஒன்றே ஒன்று: தூசி ஊதும் ரப்பர் பல்பு. லென்ஸ் வைக்கும் டிரை கேபினெட்டையும் நண்பர் காட்டினார். கடலோரத்தில் இருக்கும் நமக்கு லென்ஸில் பூஞ்சை பிடிப்பது உண்மையான தொல்லைதான். ஆனால் ஒரு கேமரா, ஒரு லென்ஸ் வைத்திருப்பவருக்கு, இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். ஜெல் ஈரம் குடித்து நிறம் மாறினால் சூடாக்கி மறுபடி போட்டுக் கொள்ளலாம். மழைக்காலத்தில் மறக்காமல் பார்க்க வேண்டும்.

நண்பர் ஆல்பம் மெஷினுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு மகிழ்ச்சியாக வந்தார். திரும்பும் வழியில் பஸ்ஸில், "இவ்ளோ தூரம் வந்து பல்பு வாங்கிட்டு வர்றீங்களேண்ணே" என்று கேலி செய்தார். பல்பு வாங்கினது 2018லதான், இது தூசி ஊதத்தான் என்றேன்.

கேமராவும் 35 எம்.எம். லென்ஸும் அடுத்த வாரம் நேரு வீதிக் கடையிலேயே பில்லோடு வாங்கினேன். கார்டும் அங்கேயேதான், முழு விலைக்கு. அன்று இரவு சோதனையைப் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் எழுந்து பார்த்தால் பிழை எதுவும் இல்லாமல் சோதனை முடிந்தது என்று திரையில் இருந்தது. கார்டைக் கேமராவில் போட்டு பார்மட் செய்து, வாசல் திண்ணையில் உட்கார்ந்து பூ தொடுத்துக் கொண்டிருந்த அம்மாவை முதல் படம் எடுத்தேன்.

"கண்ணை மூடிட்டேன் போலிருக்குடா, இன்னொண்ணு எடு" என்றார்.